ராங்ளர் ஹார்ட்டாப்பில் எல்-டிராக் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜீப் ராங்ளர் ஜேகே (2007 முதல்), ஜேஎல் (2018 மாடல் முதல்) வண்டிகளின் ஹார்ட்டாப்புக்கு (கழற்றி மாட்டும் கெட்டியான கூரைக்கு) வெளியே மண்வெட்டி, ரெக்கவரி போர்டு (சக்கரம் புதைந்தால் அடியில் வைக்கும் பலகை), அவ்னிங் (பக்கவாட்டில் விரிக்கும் நிழல் துணி), ஆன்டெனா போன்றவற்றை மாட்ட அலுமினிய எல்-டிராக் பொருத்த நினைப்பவர்களுக்கான பக்கம் இது. விமானத்தில் இருக்கைகளைத் தரையோடு பிணைக்கும் அதே வகைத் தண்டவாளம்தான் எல்-டிராக். மேலே வட்டத் துளைகளும் அவற்றை இணைக்கும் நீளப் பிளவும் இருக்கும். துளைக்குத் துளை 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ.

ஹார்ட்டாப் எவ்வளவு எடை தாங்கும்?

டிராக்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நல்ல டிராக்கும் அதன் கொக்கியும் நூற்றுக்கணக்கான கிலோ இழுவையைத் தாங்கும். ஆனால் அது எஃகுத் தளத்தில் சரியாகப் பொருத்தியபோது சோதித்த எண். உங்கள் டிராக்குக்கு அடியில் இருப்பது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடியிழை (ஃபைபர்) கலவைக் கூடு. ராங்ளர் கவிழ்ந்து உருளும்போது உயிர் காப்பது உள்ளே இருக்கும் எஃகு ரோல் கேஜ் என்ற கூண்டுச் சட்டம்தான். ஹார்ட்டாப் மழை, வெயில், சத்தம் ஆகியவற்றைத் தடுக்கும் மூடி, அவ்வளவே. அதனால் எல்லை எங்கே என்பதை முடிவு செய்வது கூடும், அதற்கு உள்புறம் டிராக்குக்கு நேராக நீங்கள் வைக்கும் பேக்கிங் பட்டையும் (போல்ட்டின் இழுவையைப் பரப்பும் உலோகப் பட்டை)தான்.

உங்கள் மாடலின் கையேட்டில் கூரைச் சுமை பற்றிச் சொல்லியிருப்பதே முதல் வரம்பு. கூட்டை மட்டும் நம்பிய டிராக்கில் மொத்தமாக 20 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தார்ச்சாலைக்குக் கொடுத்த சுமை அளவை ஆஃப்ரோடுக்கு 1.5 ஆல் வகுக்கச் சொல்லும் ரேக் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். குழியில் விழுந்து எழும்போது 20 கிலோ ஒரு கணம் 40, 60 கிலோவாக இழுக்கும் என்பதே காரணம்.

கூரைக் கூடாரம் போடலாமா?

கூடாது. கூடாரமே பல வேளை 50 கிலோ இருக்கும், உள்ளே படுப்பவர்கள் எடை தனி. அதற்கு ரோல் கேஜுக்கோ வண்டியின் உடலுக்கோ கால் ஊன்றும் ரேக் வேண்டும். கூட்டுக்கு உள்ளே ஒரு சட்டம் வைத்து, அதைக் கேஜோடு இணைத்து, கூரையைத் துளைத்து மேலே டிராக் பொருத்தும் ஆயத்தத் தொகுப்புகளும் ராங்ளருக்குக் கிடைக்கின்றன. கூடாரம் எண்ணத்தில் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். முதலில் எல்-டிராக் போட்டுவிட்டுப் பிறகு மாற்றினால் கூரையில் வீண் துளைகள்தான் மிஞ்சும்.

டிராக்கைக் கூரையில் எந்த இடத்தில் வைப்பது?

முன் இருக்கைகளுக்கு மேலே தனியாகக் கழற்றக்கூடிய இரண்டு ஃப்ரீடம் பேனல்களைத் தொடாமல், பின்பக்கப் பெரிய கூட்டில் மட்டும். பேனல்களைக் கழற்றி மாட்ட வேண்டும். அவற்றுக்கும் கூட்டுக்கும் நடுவே ரப்பர் சீல் இருக்கிறது. ஓட்டத்தில் இரண்டும் தனித்தனியாக அசையும். இரண்டையும் ஒரு டிராக்கால் பாலம் போட்டால் சீல் விலகி, ஓட்டுநர் மடியில் தண்ணீர் விழும்.

கூரை பக்கவாட்டுக்கு வளையத் தொடங்கும் தோள்பட்டைக்கு அருகில், ஆனால் தட்டையான பகுதியில் வையுங்கள். வளைவு இருக்கும் இடத்தில் கூடு விறைப்பாக இருக்கும். நடுக்கூரை கையால் அழுத்தினாலே அமுங்கும். பின்பக்கவாட்டுக் கண்ணாடியின் ஒட்டு விளிம்புக்கு 5 செ.மீ.க்குள் துளை வேண்டாம். டிராக் முன்பின்னாக ஓடட்டும். குறுக்கே வைத்தால் மழைத் தண்ணீர் தேங்க அணை கட்டியது போலாகும், காற்றும் விசிலடிக்கும்.

நான்கு கதவு வண்டியில் பக்கத்துக்கு ஒன்றாக 100 முதல் 120 செ.மீ. டிராக் வசதியாக அமையும். இரண்டு கதவு வண்டியில் பின்கூடு மிகக் குட்டை. அளந்து பார்த்து வாங்குங்கள்.

என்னென்ன பொருள்கள் வேண்டும்?

120 செ.மீ. டிராக் இரண்டு என்று வைத்துக்கொள்வோம்.

– அனோடைஸ் செய்த எல்-டிராக் 2, முனை மூடிகள் 4
– பேக்கிங்குக்கு அலுமினிய ஃபிளாட் பார், 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன், 120 செ.மீ. நீளம், 2 துண்டு
– எம்6 (6 மி.மீ.) கவுன்டர்சங்க் (தலை குழிவுக்குள் மட்டமாக உட்காரும்) ஸ்டெயின்லெஸ் போல்ட் 14, கூடுதலாக 4
– எம்6 நைலாக் நட்டு (தளராமலிருக்க நைலான் வளையம் கொண்டது), வாஷர் அதே எண்ணிக்கை
– ப்யூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் மென்மையான ஒட்டுப் பட்டை), 20 மி.மீ. அகலத்தில் 5 மீட்டர்
– இரண்டு பாக எபாக்ஸி, சிறிய பொதி
– ஸ்டெயின்லெஸ் மரையில் தடவ ஆன்டி-சீஸ் பசை
– மாஸ்கிங் டேப், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், என்95 முகக்கவசம், கண் பாதுகாப்புக் கண்ணாடி

போல்ட் நீளத்தைக் கணக்கிடாமல் வாங்காதீர்கள். டிராக்கின் அடித்தளத் தடிமன், அமுங்கிய ப்யூட்டைல் 1 மி.மீ., கூட்டின் தடிமன், பட்டை 5, வாஷர் 1.6, நட்டு 6, வெளியே நிற்க வேண்டிய இரண்டு மரை 2 மி.மீ. எல்லாவற்றையும் கூட்டுங்கள். அடித்தளம் 4, கூடு 4 என்றால் 24 வரும், எம்6×25 போதும். கூட்டின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். முதல் துளை போட்டதும் ஒரு கம்பிக் கொக்கியை விட்டு அளந்து, பிறகு போல்ட்டை முடிவு செய்யுங்கள்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் செய்த டிராக்கில் போல்ட் தலைக்கான குழிவு 82 பாகையில் இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் மெட்ரிக் கவுன்டர்சங்க் போல்ட்டின் தலை 90 பாகை. பார்க்கச் சரியாக உட்கார்ந்தது போலத் தெரியும், ஆனால் மேல் விளிம்பில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொடும். சில நூறு கிலோமீட்டர் மண்சாலையில் அந்த விளிம்பு நசுங்கி போல்ட் தளர்ந்துவிடும். ஒன்று 82 பாகைத் தலையுள்ள கால் அங்குல போல்ட் வாங்குங்கள். இல்லையென்றால் 90 பாகைக் குழிவு பிட்டால் டிராக்கின் துளைகளை லேசாகத் திருத்திக்கொள்ளுங்கள்.

120 செ.மீ.க்கு 7 போல்ட் போதுமா?

டிராக்கில் பொதுவாக ஏறக்குறைய 10 செ.மீ.க்கு ஒரு துளை இருக்கும். அப்படி 12 துளை இருந்தால் 1, 3, 5, 7, 9, 11, 12 ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். உள்ளே முழு நீளப் பட்டை இருக்கும்போது சுமை பட்டை வழியாகப் பரவும். ஒவ்வொரு கூடுதல் துளையும் கசிவுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு. இரண்டு முனைகளிலும் போல்ட் இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் காற்று டிராக்கை முனையிலிருந்துதான் உரித்தெடுக்கப் பார்க்கும்.

பட்டைக்குப் பதில் பெரிய வாஷர் போட்டால் என்ன?

வேலை சுலபம், வண்டிக்குக் கெடுதல். 25 மி.மீ. வாஷர் ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளியாகக் கூட்டை இழுக்கும். அதிர்வில் வாஷரின் விளிம்பைச் சுற்றி நட்சத்திரம் போல மயிரிழை விரிசல் வரும். முழு நீளப் பட்டை அந்த இழுவையை ஒன்றிரண்டு போல்ட்டோடு நிறுத்தாமல் பரப்புகிறது. எந்த இடத்தில் செலவைக் குறைத்தாலும் இங்கே குறைக்க வேண்டாம். பட்டை இரண்டும் சேர்ந்து 1.3 கிலோதான்.

பட்டையின் நான்கு மூலைகளையும் அரத்தால் உருட்டிவிடுங்கள். கூர் மூலை கூட்டின் உள்முகத்தை வெட்டும். கூட்டின் உள்புறம் மேடுபள்ளமாக இருக்குமென்பதால் பட்டை எல்லா இடத்திலும் படியாது. இடைவெளியை அப்படியே விட்டு நட்டை முறுக்கினால் கூடுதான் வளைந்து பட்டையை நோக்கி வரும், வெளியே டிராக் அலைபாயும். சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியைப் பட்டையின் மேல் பூசி, கூட்டில் மெல்லிய பாலித்தீன் தாள் வைத்து, போல்ட்டைக் கை இறுக்கத்தில் மட்டும் விட்டு ஒரு நாள் காய விடுங்கள். காய்ந்தபின் பட்டை கூட்டின் அச்சு வடிவத்தைப் பெற்றிருக்கும், பாலித்தீன் இருப்பதால் கழற்றவும் வரும்.

ரிவட் நட் அடித்தால் உள்ளே கை வைக்க வேண்டியதில்லையே?

ரிவட் நட் என்பது வெளியிலிருந்தே துளைக்குள் செருகி இறுக்கும் நட்டு; சாதாரண வகை தகரத்துக்காகச் செய்தது. மெல்லிய ஃபைபரில் அது பிடிக்கும் பரப்பு குறைவு. போல்ட் இறுகும்போது நட்டும் சேர்ந்து சுற்றும், இழுவையில் துளையோடு பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே நான்கு கால்களாக விரியும் பிளஸ்நட் கொஞ்சம் பரவாயில்லை, ஃபைபர் கூரைகளில் டிராக் பொருத்த அது புழக்கத்திலும் இருக்கிறது. ராங்ளரில் உள்புறம் முழுக்க எட்டும்போது அதற்கு அவசியமே இல்லை. தானே மரை வெட்டும் திருகு எந்த நிலையிலும் வேண்டாம்.

இருபக்க டேப்பால் மட்டும் ஒட்டினால் துளையே வேண்டாமே?

ராங்ளரின் கறுப்பு ஹார்ட்டாப் சொரசொரப்பான மேற்பூச்சு கொண்டது. டேப் அந்தச் சொரசொரப்பின் முகடுகளில் மட்டும் ஒட்டும். கோடை வெயிலில் கறுப்புக் கூரை கை வைக்க முடியாத அளவு சூடாகும், பசை இளகும். மேலும் டேப் பிடித்திருப்பது பெயின்டைத்தான். பெயின்ட் உரிந்தால் டிராக்கும் போகும். நெடுஞ்சாலையில் பின்னால் வருபவர் மேல் அது விழக்கூடும் என்பதால் இதில் சமரசம் வேண்டாம்.

துளை போடும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ஹார்ட்டாப்பைக் கழற்றிக் கீழே வைத்துச் செய்வது நல்லது. கழற்றும்போது பின்பக்க வைப்பரின் தண்ணீர்க் குழாயையும் வயரிங் பிளக்கையும் எடுக்க மறக்காதீர்கள். குறைந்தது இருவர் தூக்க வேண்டும். உள்ளே ஹெட்லைனர் (கூரையின் உள்விரிப்பு) துண்டுகள் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கூரையைச் சோப்பால் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, டிராக் வரும் வரிசை முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். உள்புறமும் ஒட்டுங்கள். இரண்டு டிராக்கும் இணையாக இருக்கிறதா என்று முன்முனை, பின்முனை இரண்டிலும் இடைவெளியை அளந்து, மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். கண்ணால் பார்த்து ஒழுங்குபடுத்தினால் கூரையின் சரிவு ஏமாற்றும்.

டிராக்கையே அச்சாக வைத்து நடுத்துளையை முதலில் குறித்து, 3 மி.மீ. பிட்டால் துளைத்து, ஒரு போல்ட்டைச் செருகி நிறுத்துங்கள். பிறகு இரண்டு முனைகள், கடைசியாக மீதி. எல்லாத் துளையையும் ஒரே மூச்சில் குறித்துத் துளைத்தால் சிறு பிழை கடைசித் துளையில் மில்லிமீட்டர்களாகச் சேர்ந்துவிடும்.

அகலப்படுத்தும்போது நடுத்துளை மட்டும் 6.5 மி.மீ., மற்றவை 7 மி.மீ. இருக்கட்டும். 120 செ.மீ. அலுமினியம் 40 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 1.1 மி.மீ. நீளும். கண்ணாடியிழைக் கூடு அவ்வளவு நீளாது. நடுவில் பிடித்து வைத்து முனைகளுக்கு அசைய இடம் கொடுத்தால் போல்ட் துளையின் ஓரத்தை நெருக்காது.

பிட் புதிதாக இருக்கட்டும். ட்ரில்லைச் சில விநாடி எதிர்த்திசையில் ஓட்டி மேற்பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, பிறகு நேர்த்திசையில், குறைந்த வேகத்தில், அழுத்தாமல் துளையுங்கள். உள்ளே ஒருவர் மரத்துண்டை அண்டக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிட் வெளியேறும் பக்கம் நார்கள் சிம்பு சிம்பாகப் பிய்யும். கண்ணாடியிழைத் தூசு தோலில் அரிக்கும், நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, வாக்குவம் குழாயைத் துளையின் பக்கத்திலேயே பிடியுங்கள்.

துளையின் மேல் விளிம்பை 1 மி.மீ. ஆழத்துக்கு லேசாகக் குழியுங்கள். ப்யூட்டைல் அங்கே போய்த் தங்கி போல்ட்டைச் சுற்றி வளையமாக நிற்கும். கடைசியாக, துளையின் உள்சுவரில் எபாக்ஸி தடவிக் காய விடுங்கள். வெட்டுப்பட்ட நார் தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுத்துச் செல்லும், எபாக்ஸி அதை அடைத்துவிடும்.

ப்யூட்டைலா, பாலியூரித்தேனா, சிலிக்கோனா?

ப்யூட்டைல் எங்கள் முதல் தேர்வு. அது இறுகிக் காய்வதில்லை, டிராக் வெயிலில் நீண்டு சுருங்கும்போது கூடவே நகரும், கழற்ற வேண்டுமென்றால் பிரிந்து வரும். டிராக்கின் அடியில் முழு நீளத்துக்கும் ஒட்டி, ஒவ்வொரு போல்ட் கழுத்திலும் சிறு உருண்டையாகச் சுற்றுங்கள். வெளியே பிதுங்குவதை மறுநாள் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தெடுங்கள்.

சிக்காஃப்ளெக்ஸ் போன்ற பாலியூரித்தேன் வலுவாக ஒட்டும், ஒரு நாளைக்குச் சுமார் 3 மி.மீ. ஆழம் காயும். ஆனால் ஒருமுறை ஒட்டினால் டிராக்கை எடுக்கும்போது பெயின்டும் வரும். இனி கழற்றவே மாட்டேன் என்பவர்களுக்கு ஏற்றது.

சிலிக்கோன் வேண்டாம். புளிப்பு வாடை வரும் வகை உலோகத்தை அரிக்கும். எந்த வகையானாலும் அதன் எச்சத்தின் மேல் பிறகு பெயின்டோ வேறு சீலன்டோ ஒட்டாது.

எவ்வளவு இறுக்குவது?

எம்6 போல்ட்டை உலோகத்தில் 10 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குவது வழக்கம். இங்கே 4 முதல் 5 வரை போதும். மேலே அலன் கீயால் போல்ட்டை அசையாமல் பிடித்து, உள்ளே நட்டை மட்டும் சுற்றுங்கள். போல்ட் சுற்றினால் அதன் கழுத்திலுள்ள ப்யூட்டைல் அறுந்துவிடும். இம்பாக்ட் ட்ரைவர் ஆகவே ஆகாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் வேகமாகச் சுற்றினால் சூடேறி ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆன்டி-சீஸ் பசை இதற்காகத்தான். கடலோர ஊர்களில் ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்பு சேர்ந்து அலுமினியம் வெள்ளையாகப் பொடிந்துபோகும், அதையும் இந்தப் பசை தாமதப்படுத்தும்.

நடுவிலிருந்து முனைகளை நோக்கி மாறி மாறி இறுக்குங்கள். வெயிலில் ப்யூட்டைல் அமுங்கியபின் மறுநாள் ஒருமுறை, முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை சரிபாருங்கள். நட்டிலும் பட்டையிலும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால் தளர்ந்தது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

தண்ணீர் கசிகிறது. டிராக்கா, வேறு எதுவுமா?

ராங்ளரில் ஃப்ரீடம் பேனல் சீல்களே அடிக்கடி கசியும், பழி டிராக்கின் மேல் விழும். ஒவ்வொரு நட்டின் பக்கத்திலும் டிஷ்யூ பேப்பர் ஒட்டுங்கள். ஹோஸ் தண்ணீரை முதலில் கீழே கண்ணாடி விளிம்பில், பிறகு பேனல் மூட்டில், கடைசியாக டிராக்கில் என்று ஒவ்வோரிடத்திலும் 10 நிமிடம் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து எதுவும் புரியாது. நட்டின் பக்கத்துத் தாள் நனைந்தால் அந்த ஒரு போல்ட்டை மட்டும் எடுத்து, பழைய ப்யூட்டைலைச் சுரண்டி, புதிதாக வையுங்கள். வெளியே டிராக் ஓரத்தில் சீலன்டை அப்பி மூடுவது தண்ணீரை உள்ளே சிறை வைக்கும், அது வேறு துளை வழியாக வரும்.

ஓடும்போது விசில் சத்தம் வருகிறதே?

டிராக்கின் திறந்த துளைகள்தான் ஊதுகின்றன. முனை மூடிகளைப் போட்டு, பயன்படுத்தாத நீளத்தில் பிளவுக்குள் ரப்பர் கயிறோ அதற்கென்று விற்கும் நிரப்புப் பட்டையோ செருகுங்கள்.

எந்தக் கொக்கி வாங்குவது?

ஒற்றை ஸ்டட் (டிராக்கின் துளைக்குள் இறங்கும் குமிழ்) கொக்கி நேராக இழுக்கும் ஸ்ட்ராப்புக்கு நல்லது. மண்வெட்டி, போர்டு போல விறைப்பான பொருளை அதில் நட்டு வைத்தால் நெம்புகோல் போல டிராக்கின் உதட்டை அகட்டும், சத்தமும் போடும். அதற்கு இரட்டை ஸ்டட், மேலே மரை கொண்ட வகையைப் பாருங்கள். பூட்டும் முள் துளைக்குள் முழுதாக இறங்கியதா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

தட்டையான பொருளைக் கூரையிலிருந்து தூக்கிக் கட்டுவதில் ஒரு ஆபத்து. மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 46 கிலோ எடைக்குச் சமம். 1 மீட்டருக்கு 60 செ.மீ. அளவுள்ள பலகை முன்முனை தூக்கிக் காற்றை முழுதாக எதிர்கொள்ள நேர்ந்தால் சுமார் 28 கிலோ விசை அதைப் பிய்க்கும். பலகையைக் கூரையோடு படிய வைத்து, முன்முனைக்கு இரண்டு கட்டு போடுங்கள்.

அவ்னிங் மாட்டலாமா?

2 மீட்டர் வரையிலான இலகுவான ஒன்று, ஒரு பக்க டிராக்கில் குறைந்தது மூன்று பிடிப்புகளோடு, சரி. விரித்தபின் கயிறு கட்டி முளை அடிக்காமல் விடாதீர்கள். காற்று வந்தால் துணி முழுதும் பாய்மரமாகி டிராக்கின் வெளி ஓரத்தை மேல்நோக்கி நெம்பும்.

இந்தியப் பதிவு வண்டியில் சட்டச் சிக்கல் வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ. 5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. துளை போடுவதற்கு முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வாரன்டியில் இருக்கும் ஹார்ட்டாப்பைத் துளைத்தால் அதன் வாரன்டியை மறுக்க அது ஒரு காரணமாகலாம்.

துளையைச் சுற்றி விரிசல் கண்டால்? தப்பான இடத்தில் துளைத்துவிட்டால்?

விரிசலின் முனையைத் தேடி, அங்கே 3 மி.மீ. துளை போட்டால் மேலே ஓடாது. தேவையற்ற துளைக்கும் விரிசலுக்கும் மருந்து ஒன்றே. உள்புறத்தை 80ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, துளையைச் சுற்றிச் சரிவாக இறக்கி, கண்ணாடியிழைத் துணியை எபாக்ஸியில் நனைத்து மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியதாக ஒட்டுங்கள். மலிவான பாலியெஸ்டர் ரெசின் இந்த வகைக் கூட்டில் எபாக்ஸி அளவுக்குப் பிடிக்காது. வெளிப்புறக் குழியைக் கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, மட்டமாகத் தேய்த்து, பெயின்ட் அடியுங்கள். சாதாரண எபாக்ஸி வெயில் பட்டால் மஞ்சளாகிப் பொடியும், பெயின்ட் இல்லாமல் விடக்கூடாது.